கிம்ப் 3.0: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா..."

ஸ்டூடியோ வச்சிருக்கிற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா..."ன்னு கஸ்டமர் இழுக்கும்போதே வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். அந்த ஆனாவுக்குப் பின்னால வர்றது எப்பவும் சின்ன விசயம்தான், கொஞ்சம் வெளிச்சம் கூட்டணும், மஞ்சளைக் குறைக்கணும், மாமா முகம் இருட்டா இருக்கு, இவ்வளவுதான். ஆனா அந்தச் சின்ன விசயத்துக்காக நான் மூனு மணித்தியாலம் குந்திச் செஞ்ச வேலையில பாதியை முதல்ல இருந்து செய்யணும், ஏன்னா முதல்ல வெளிச்சத்தை ஏத்தி இறக்குற கர்வ்ஸ் போட்டிருப்பேன், அதுக்கு மேல நொய்ஸ், அதான் பொடிப்பொடியா தெரியிற புள்ளியைக் குறைச்சிருப்பேன், அதுக்கு மேல ஷார்ப் பண்ணியிருப்பேன், இப்ப கர்வ்ஸை மட்டும் மாத்தணும்னா அது அடியில எங்கயோ புதைஞ்சு கிடக்கு. சுவரைப் பூசி பெயிண்டும் அடிச்ச பிறகு உள்ள இருக்கிற ஒரு கல்லை மட்டும் மாத்திக் குடுன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான்.

கிம்ப்னு படம் திருத்துற இலவச சொஃப்ட்வெயார் ஒன்னு இருக்கு, அதுல 3.0 வந்த பிறகு இந்தத் தலைவலி முக்கால்வாசி போயிருச்சு. அதைப் பத்தித்தான் எழுதப் போறேன், மத்த புது ஐட்டங்களையும் தொட்டுட்டுப் போறேன், குறையும் இருக்கு அதையும் சொல்லுறேன்.

நம்ம ஸ்டூடியோ ஹட்டன் டவுன்ல, ரெண்டு பேர் சேர்ந்து நின்னா மூனாவது ஆள் வெளியில நிக்கிற அளவு இடம். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, பேனர், பழைய படம் புதுப்பிக்கிறது எல்லாம் செய்வோம். மாசாமாசம் டொலர்ல காசு கட்டுற சொஃப்ட்வெயார் நமக்குக் கட்டுப்படியாகாது, 2022-ல டொலர் ஏறின ஏத்தத்துக்குப் பிறகு அந்த நினைப்பையே விட்டுட்டேன். கிராக் போட்ட வெர்ஷன் பக்கமும் போகப் பிடிக்கல, ஒருதடவை அப்படிப் போட்டு வைரஸ் வந்து ரெண்டு கல்யாணப் படம் போகப் பார்த்துச்சு, அந்தக் கதை வேணாம். அதனால பல வருசமா கிம்ப்தான், 2.8 காலத்துல தொடங்கி 2.10-க்கு வந்து இப்ப 3.0. இலவசம், கொழும்புல இருந்து சீடி கொண்டு வரச் சொல்லவும் தேவையில்ல, கிம்ப் டொட் ஓர்க்னு அவங்க சைட்லயே டவுன்லோட் பண்ணிக்கலாம்.

2.10 வந்தது 2018 ஏப்ரல்ல. 3.0 வந்தது 2025 மார்ச் 16. நடுவுல கிட்டத்தட்ட ஏழு வருசம். ஏழு வருசத்துல ஒரு புள்ள ஸ்கூல் போய் ரெண்டாம் வகுப்புக்கே வந்திரும், அவ்வளவு காலம் காக்க வச்சாங்க. ஆனா சம்பளம் இல்லாம ஆர்வத்துல செய்றவங்கதான் அதுல கூடுதல் பேர், அதனால திட்ட மனசு வரல.

சரி விசயத்துக்கு வாறேன். முன்ன நீங்க ஒரு லேயருக்கு, அதாவது படத்தோட ஒரு அடுக்குக்கு, கர்வ்ஸ் மாதிரி ஒரு ஃபில்டர் போட்டா, ஓகே அழுத்தின உடனே படத்தோட புள்ளிகள் (பிக்சல்) எல்லாம் மாறி அப்படியே நின்னுரும், திரும்பிப் போக கண்ட்ரோல் இசட் மட்டும்தான், பைலை மூடிட்டா அதுவும் இல்ல. 3.0-ல ஃபில்டர் போட்டா அடியில இருக்கிற படம் படமாவே கிடக்கு, ஃபில்டர் அதுக்கு மேல கண்ணாடி மாட்டின மாதிரி நிக்குது. லேயர் பேருக்குப் பக்கத்துல எஃப்எக்ஸ்னு குட்டியா ஒரு ஐகன் வரும், அதைத் தட்டினா நீங்க போட்ட ஃபில்டர் எல்லாம் வரிசையா தெரியும். ஒவ்வொன்னுக்கும் ஒரு கண் இருக்கு, அதை மூடினா ஃபில்டர் ஓஃப், திறந்தா ஓன். டபுள் கிளிக் பண்ணினா நீங்க அன்னைக்கு வச்ச அதே அளவுகளோட அந்த விண்டோ திரும்ப வரும், மாத்திட்டு ஓகே குடுக்கலாம். மேல கீழ நகர்த்தலாம், வேணாம்னா அழிக்கலாம். கிம்ப்போட சொந்த பைல் வகையான எக்ஸ்சிஎஃப்ஆ சேவ் பண்ணினா இது எல்லாமே பைலோட சேர்ந்து போயிரும், கொம்பியூட்டரை ஓஃப் பண்ணி ஒரு மாசம் கழிச்சுத் திறந்தாலும் இருக்கும்.

போட்டோஷொப் தெரிஞ்சவங்க இதைப் படிச்சிட்டு சிரிப்பாங்க, ஸ்மார்ட் ஃபில்டர்னு 2007-லயே அவங்ககிட்ட வந்திருச்சேன்னு. உண்மைதான், பதினெட்டு வருசம் லேட். ஆனா இலவசமா குடுக்கிறவங்க வீட்டு விருந்துல சாப்பாடு லேட்டாயிருச்சுன்னு யாரு கோவிச்சுக்குவா.

இது எனக்கு எவ்வளவு உதவிச்சுன்னு ஒரு வேலையை வச்சே சொல்லுறேன். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு பெரியம்மா வந்தாங்க, கையில பிளாஸ்டிக் பேக்குக்குள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எழுபதுகள்ல எடுத்த குடும்பப் படம். மலையகத் தமிழரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும்னு பிரிச்ச சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல போட்டாங்க இல்லையா, அதுல இந்தியாவுக்குன்னு எழுதப்பட்டுப் போன குடும்பங்கள்ல இவங்க அண்ணன் குடும்பமும் ஒன்னு, தலைமன்னார்ல கப்பல் ஏறப் போறதுக்கு முன்ன எல்லாரும் டவுனுக்கு வந்து ஒன்னா நின்னு எடுத்த படமாம். அதுக்குப் பிறகு அந்தக் குடும்பம் முழுசா ஒன்னா நிக்கவே இல்ல. இந்த மாதிரிப் படங்க நம்ம பக்கம் நிறைய வீட்டுல இருக்கு, லயத்துக் காம்பராவுல அடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து அதைத் தின்னுட்டு வருது. இந்தப் படத்துலயும் மேல் மூலையில பூஞ்சணம் பூத்து, முழுக்க பழுப்பேறி, நடுவுல மடிச்ச கோடு. அம்மாவோட திதி வருது, பெருசாக்கி பிரேம் போட்டுத் தாங்க தம்பின்னு கேட்டாங்க.

ஸ்கேன் பண்ணினேன், 600 டிபிஐல, படம் ஆறுக்கு எட்டு இஞ்சி, அப்ப 3600-க்கு 4800 புள்ளி, மொத்தம் 17 மில்லியன் சொச்சம். முதல்ல நிறத்தை எடுத்தேன், பிறகு லெவல்ஸ், பிறகு கர்வ்ஸ், நொய்ஸ் குறைக்கிறது, கடைசியா கொஞ்சம் ஷார்ப்பன். எல்லாம் எஃப்எக்ஸ் லிஸ்ட்ல வரிசையா உக்காந்துக்கிச்சு. அதுக்குப் பிறகுதான் பூஞ்சணத்தையும் மடிப்பையும் ஹீல் டூல் (பக்கத்து இடத்தை வச்சுக் கறையை மறைக்கிறது) வச்சு எடுக்கத் தொடங்கினேன், இங்கதான் எனக்கு ஒரு சந்தோசம். ஃபில்டர் போட்ட லேயர்லயே நீங்க பெயிண்ட் பண்ணலாம், ஹீல் பண்ணலாம், அது அடியில இருக்கிற அசல் படத்துலதான் போய்ச் சேரும், ஃபில்டர் அதுக்கு மேல தானா திரும்ப ஓடும். அதாவது முதல்ல தூசி தட்டி முடிச்சிட்டுத்தான் நிறம் பார்க்கணும்ங்கிற வரிசை இல்ல, எனக்கு எது எப்ப கண்ணுல படுதோ அப்ப செய்யலாம். மனுசன் உண்மையில வேலை செய்றது அப்படித்தானே, கான்ட்ராஸ்ட் கூட்டின பிறகுதான் இன்னும் நாலு இடத்துல பூஞ்சணம் இருக்கிறதே தெரியுது.

முதல் பிரிண்ட் பார்த்துட்டு பெரியம்மா கொஞ்ச நேரம் பேசல. பிறகு அந்த வசனம் வந்துச்சு. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எங்கம்மா இவ்வளவு வெளுப்பு இல்லையே." எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா ஸ்டூடியோக்காரன் கை பழக்கம் அது, கல்யாணப் பொண்ணு முகத்தை ரெண்டு படி வெள்ளையாக்காம குடுத்தா ஏன் இருட்டா இருக்குன்னு கேப்பாங்கன்னு பயந்து பயந்து, முகம்னு ஒன்னைப் பார்த்தாலே விரல் தானா கர்வ்ஸை மேல தூக்கிரும். வெயில்லயும் மழையிலயும் கொழுந்தெடுத்த ஒரு மனுசியை நான் சோப் விளம்பரத்துல வர்ற மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். அவங்க முன்னாலயே பைலைத் திறந்தேன், முகத்துக்குன்னு தனியா போட்ட கர்வ்ஸ் ஃபில்டரோட கண்ணை மூடினேன், "ஆ, இதுதான் அம்மா"ன்னாங்க. ஒரு நிமிசம் கூட ஆகல. மூனு மணித்தியாலம் ஹீல் பண்ணின வேலை ஒன்னும் கலையல. பழைய வெர்ஷன்ல இதே வேலையைச் செஞ்சிருந்தா நாளைக்கு வாங்கன்னு சொல்லி அவங்களை மறுபடி பஸ் ஏத்தி அனுப்பியிருப்பேன்.

அதோட முடியல. ஆறு வாரம் கழிச்சு கோத்தகிரியில இருந்து அந்த அண்ணனோட மகன் வட்சப்ல கேட்டிருக்காரு, எங்களுக்கும் ஒரு கொப்பி அனுப்புங்க, ஆனா எங்கப்பா நிக்கிற பக்கம் நிழலா இருக்கு கொஞ்சம் தெரியிற மாதிரி செய்ங்கன்னு. அதே எக்ஸ்சிஎஃப் பைல், அவர் நிக்கிற இடத்தை மட்டும் செலக்ட் பண்ணி ஓரம் வெட்டுன மாதிரி தெரியாம ஃபெதர் பண்ணி இன்னொரு கர்வ்ஸ். செலக்ஷன் போட்டுட்டு ஃபில்டர் குடுத்தா அந்த எல்லைக்குள்ள மட்டும்தான் அது நிக்கும், பிறகு செலக்ஷனை எடுத்துட்டாலும் அப்படியேதான் இருக்கும். ஆனா அந்த எல்லை கொஞ்சம் பிசகிப் போச்சுன்னா ஃபில்டரை எடுத்துட்டு புதுசா செலக்ட் பண்ணிப் போடுறதுதான் நான் செய்றது, அது ஒரு சின்ன எரிச்சல்.

அடுத்து பேனர் வேலை. மாசி மாசம் வந்தா தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கூத்து, அதுக்கு முன்ன பின்ன கோயில் திருவிழா, எல்லாத்துக்கும் பேனர். முன்ன கிம்ப்ல எழுத்துக்கு டிராப் ஷேடோ போட்டா எழுத்து எழுத்தா இருக்காது, படமா மாறிரும், பிறகு ஒரு எழுத்துப் பிழை இருந்தா அந்த லேயரை அழிச்சு புதுசா அடிச்சு திரும்ப நிழல் போடணும். நம்ம பேனர் வேலையில எழுத்துப் பிழை எப்ப தெரியும்னா பிரிண்டுக்கு அனுப்புற அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, கமிட்டித் தலைவர் பேருல இனிசியல் மாறியிருக்குன்னு போன் வரும். 3.0-ல டெக்ஸ்ட் லேயர்ல டிராப் ஷேடோ போட்டாலும் எழுத்து எழுத்தாவே இருக்கு, டெக்ஸ்ட் டூலை எடுத்துட்டு உள்ள போய் ஒரு எழுத்தை மாத்தினா நிழலும் கூடவே மாறிக்குது. எழுத்தைச் சுத்திக் கோடு போடுற ஒப்ஷனும் இப்ப டெக்ஸ்ட் டூல்லயே இருக்கு. பெவல், உள் பக்கம் ஒளி அடிக்கிற இன்னர் க்ளோ, எழுத்துக்கு ஸ்டைல் போடுறதுக்குன்னே கெகல் ஸ்டைல்ஸ்னு ஒன்னு, எல்லாம் புதுசா குடுத்திருக்காங்க. கெகல்னா என்னன்னு கேட்டா, கிம்ப்புக்கு அடியில ஓடுற இஞ்சின், இந்த ஃபில்டர் எல்லாத்தையும் சங்கிலி மாதிரி ஒன்னோட ஒன்னு கோத்து ஓட்டுறது அதுதான், அவ்வளவு தெரிஞ்சா போதும்.

இந்த இடத்துல பாமினிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம நாட்டுல பிரிண்டிங் தொழில்ல நிறையப் பேர் இன்னமும் யூனிகோடுக்கு முந்தின பழைய பாமினி ஃபொண்ட்லதான் இருக்காங்க, நானும் இருந்தேன், ஏன்னா பழைய டிசைன் சொஃப்ட்வெயார்ல யூனிகோட் தமிழைப் போட்டா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு விழும். கிம்ப்ல அந்தப் பிரச்சினை இல்ல, யூனிகோட்ல அடிச்சா ஒழுங்கா சேர்ந்து வருது. கமிட்டிக்காரங்க வட்சப்ல அனுப்புற வாசகத்தை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டலாம், திரும்ப அடிக்கத் தேவையில்ல, திரும்ப அடிக்காததால புதுப் பிழையும் வராது. அவங்க அனுப்புனதுலயே இருக்கிற பிழை வேற கணக்கு.

ஒட்டுறதுன்னதும் ஞாபகம் வருது, ஃப்ளோட்டிங் செலக்ஷன்னு ஒன்னு இருந்துச்சே, எதையாவது பேஸ்ட் பண்ணினா அந்தரத்துல தொங்கிக்கிட்டு வேற எதையும் செய்ய விடாம அடம் பிடிக்கும், எங்க பொடியன் வேலைக்கு வந்த முதல் வாரம் "அண்ணே கொம்பியூட்டர் ஹேங் ஆயிருச்சு"ன்னு நாளுக்கு நாலு தடவை கூப்பிட்டது அதுக்குத்தான். இப்ப பேஸ்ட் பண்ணினா நேரா புது லேயராவே வருது. ஒரே நேரத்துல பல லேயரைச் செலக்ட் பண்ணி நகர்த்தவும் முடியுது. இதெல்லாம் மத்த சொஃப்ட்வெயார்ல எந்தக் காலத்துலயோ இருந்ததுதான், ஆனா வந்தது வந்ததுதான்.

ஃபில்டர் விண்டோவுலயே கீழ ப்ளெண்டிங் ஒப்ஷன்ஸ்னு இருக்கும், பலர் அதைத் திறந்தே பார்க்கிறதில்ல. அதுல அந்த ஃபில்டருக்கு மட்டும் மோடும் (படத்தோட எப்படிக் கலக்கணும்ங்கிறது) ஒபாசிட்டியும் (எவ்வளவு அழுத்தமா தெரியணும்ங்கிறது) வைக்கலாம். மிஸ்ட், அதான் பனிமூட்டம், இருக்கிற படங்களுக்கு எனக்கு அது பெரிய உதவி. தென்மேற்குப் பருவம் தொடங்கினா ஹட்டன் தலவாக்கலைப் பக்கம் வெளிப்புறப் படம் எடுக்கிறதுன்னா மிஸ்டோட மல்லுக்கட்டுறதுதான், டெவன் நீர்வீழ்ச்சி பின்னால தெரியணும்னு ஜோடியை நிக்க வச்சா ஃபிளாஷ் செட் பண்றதுக்குள்ள நீர்வீழ்ச்சியும் காணோம் மாப்பிள்ளையும் பாதி காணோம். அந்தப் படங்கள்ல எல்லாம் ஒரு நீலம் படிஞ்சு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கலர் டெம்பரேச்சர் ஃபில்டர் போட்டு நீலத்தைக் குறைச்சு, அன்ஷார்ப் மாஸ்க்ல ஆரத்தை ரொம்பப் பெருசா வச்சு அளவைக் கொஞ்சமா குடுத்தா சாம்பல் விலகி உருவம் எழும்பி வரும். ஆனா முழுசா விலக்கிட்டா அது மலைநாட்டுப் படமே இல்ல, ஏதோ கொழும்பு ஹோட்டல் புல்வெளியில எடுத்த மாதிரி ஆயிரும். அப்ப ஒபாசிட்டியை அறுபது, அம்பதுன்னு இறக்கிப் பார்ப்பேன், பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்துல குந்தியிருந்தா அவங்களையே சொல்லச் சொல்லுவேன். விண்டோவுல ஸ்பிளிட் வியூவும் இருக்கு, பாதிப் படம் முன்ன பாதிப் படம் பின்ன. கஸ்டமருக்குக் காட்டுறதுக்கு அதை விட நல்ல சாமான் இல்ல.

சரி இப்ப குறைகள்.

முதல் குறை ஜிமிக். தெரியாதவங்களுக்கு, பிரான்ஸ்ல கான் (Caen) நகரத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்னுல இருந்து வர்ற பிளகின், அதாவது கிம்ப்போட தனியா சேர்த்துக்கிற சாமான், 500-க்கு மேல ஃபில்டர் சும்மா குடுக்கிறாங்க, பழைய ஃபிலிம் மாதிரி நிறம் மாத்துறதெல்லாம் அதுல அருமை. ஆனா அது வெளி பிளகின்ங்கிறதால எஃப்எக்ஸ் லிஸ்டுக்குள்ள வராது, போட்டா பழைய மாதிரி படத்தோட கலந்துரும். அதனால ஜிமிக் போடுறதுக்கு முன்ன லேயரை டுப்ளிகேட் எடுத்துக்குங்க. எது லிஸ்ட்ல நிக்கும் எது நிக்காதுன்னு மெனுவைப் பார்த்தவுடனே தெரியிற மாதிரி ஒரு அடையாளம் இருந்தா நல்லா இருக்கும், போட்டுப் பார்த்துத்தான் படிச்சுக்கணும்.

ரெண்டாவது, வேகம். ஃபில்டர் உயிரோட நிக்குதுன்னா ஒவ்வொரு தடவை நீங்க தூரிகை இழுக்கும்போதும் அது திரும்பக் கணக்குப் போடுது. மேல சொன்ன 17 மில்லியன் புள்ளிப் படத்துல நொய்ஸ் ஃபில்டர் திறந்து கிடக்க ஹீல் பண்ணினா என்னோட 8 ஜிபி லெப்டொப்ல ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவுல பிளேன்டி ஒன்னு ஊத்திக் குடிச்சிரலாம். நான் கண்டுபிடிச்ச வழி, ஹீல் பண்ணும்போது பாரமான ஃபில்டரோட கண்ணை மூடி வச்சிடுறது, கர்வ்ஸ் லெவல்ஸ் மட்டும் திறந்திருக்கும், முடிஞ்ச பிறகு எல்லாம் திறந்து ஒருதடவை பார்க்கிறது. இனி மாத்தவே போறதில்லைன்னு உறுதியா தெரிஞ்ச ஃபில்டரை படத்தோட மேர்ஜ் பண்ணிரலாம், போடும்போதே அந்த விண்டோவுல அதுக்கு ஒரு டிக் பெட்டி இருக்கு. ஆனா நம்ம தொழில்ல 'மாத்தவே போறதில்ல'ங்கிறது எது?

மூனாவது, கல்யாண அல்பம். ஒரு படத்துல ஆறு ஃபில்டர் அழகா அடுக்கி வச்சிருப்பீங்க, அந்த அடுக்கை அப்படியே தூக்கி அடுத்த நானூறு படத்துல போடணும்னா இதுல வசதி இல்ல. ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனியா ப்ரீசெட் சேவ் பண்ணி வைக்கலாம், அது நல்லா வேலை செய்து, எனக்கு கோயில் உள்ள டியூப் லைட்டுக்கு ஒன்னு, மிஸ்டுக்கு ஒன்னுன்னு பேர் போட்டு வச்சிருக்கேன். ஆனா நானூறு படத்துக்கு இது வழி இல்ல. அதுக்கு டார்க்டேபிள், அதுவும் இலவசம், ஒரு படத்துல செஞ்ச எல்லாத்தையும் கொப்பி பண்ணி மத்தப் படங்கள்ல ஒரே அடியா ஒட்டலாம். கெமரா பதப்படுத்தாம அப்படியே குடுக்கிற ரோ பைலும் கிம்ப் தானா திறக்காது, டார்க்டேபிள் இல்லாட்டி ரோதெரபி இருந்தா அதுக்குத்தான் அனுப்பும். அதனால எங்க வேலை இப்ப இப்படி ஓடுது, கெமராவுல இருந்து எல்லாம் டார்க்டேபிளுக்கு, அங்க பொது நிறம் வெளிச்சம், பிறகு அல்பத்துல பெருசா வர்ற பதினஞ்சு இருபது படம் மட்டும் கிம்ப்புக்கு. இதைத் தலைகீழா செய்யப் போய் மூனு ராத்திரி முழிச்சவன் சொல்லுறேன்.

நாலாவது என்னோட சொந்த மடத்தனம், ஆனா உங்களுக்கும் நடக்கும். ஒரு சடங்குப் படத்தை மொத்தமும் செஞ்சு முடிச்சு, ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணி பென்ட்ரைவ்ல போட்டுட்டு, மூடும்போது சேவ் பண்ணவான்னு கேட்டதுக்கு வேணாம்னு தட்டிட்டேன், அதான் எக்ஸ்போர்ட் பண்ணிட்டேனேன்னு. ஜேபெக்ல ஃபில்டர் அடுக்கு எதுவும் இருக்காது, முடிஞ்ச படம் மட்டும்தான். அடுத்த நாள் காலையில பொண்ணோட தாய்மாமன் வந்து நின்னாரு, "ஆனா"வோட. அன்னைல இருந்து லேயர் இருக்கோ இல்லையோ எக்ஸ்சிஎஃப் ஒன்னு சேவ் பண்ணாம பைலை மூடுறதில்ல, பைல் பெருசாத்தான் வரும், பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்னை அதுக்குன்னே ஒதுக்கியிருக்கேன். கரண்ட் போற ஊர்ல இருக்கோம், இடைக்கிடை கண்ட்ரோல் எஸ் அழுத்துறதும் விரல் பழக்கமா வரணும்.

அந்த எக்ஸ்சிஎஃப்லயும் ஒரு சிக்கல், 3.0-ல ஃபில்டரோட சேவ் பண்ணினதை 2.10 இருக்கிற கொம்பியூட்டர்ல திறக்க நினைக்காதீங்க. வேற ஸ்டூடியோவோட வேலை மாத்திக்கிறவங்க முதல்ல எந்த வெர்ஷன்னு கேட்டுக்குங்க. விண்டோஸ் 7-லயும் 3.0 போட முடியாது, 10 வேணும். எங்க முன் கவுண்டர்ல இருக்கிற பழைய பெட்டி விண்டோஸ் 7-தான், அதனால அது இன்னமும் 2.10 ஓட்டிக்கிட்டு ஐடி படம் வெட்டுற வேலை மட்டும் பார்க்குது. பழைய பைதன் பிளகின்களும் 3.0-ல அப்படியே ஓடாது, புது பைதனுக்கு மாத்தி எழுதினது இருந்தால்தான் உண்டு. எனக்கு அல்பம் பக்கத்துல பேர் அச்சடிக்கிற ஒரு குட்டி ஸ்கிரிப்ட் இருந்துச்சு, எழுதிக் குடுத்த ஆள் இப்ப கட்டார்ல, அது போனது போனதுதான்.

பிரிண்ட் பக்கம் சுருக்கமா. சிஎம்வைகேன்னா அச்சு மையோட நாலு நிறக் கணக்கு, அதுல கிம்ப் இப்ப முன்ன மாதிரி கை விரிக்கல, பிரிண்டர் ப்ரொஃபைல் வச்சு ஸ்கிரீன்ல எப்படி வரும்னு பார்க்கலாம், சிஎம்வைகே டிஃப் எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம். ஆனா முழுசா சிஎம்வைகேலயே வேலை செய்றது இன்னும் இல்ல. பேனர் பிரிண்டுக்கு நான் குடுக்கிற இடத்துல ஆர்ஜிபி ஜேபெக்கே போதும்ங்கிறாங்க, சிவப்பு எப்படியும் கொஞ்சம் செத்துத்தான் வரும், அதுக்கு கிம்ப்பைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல.

எஃப்எக்ஸ் ஐகன் இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம். எங்க பொடியன் ரெண்டு நாளா அதைக் கவனிக்கவே இல்ல, ஒரே படத்துல கர்வ்ஸுக்கு மேல கர்வ்ஸ்னு பதினொரு கர்வ்ஸ் போட்டு வச்சிருந்தான், ஒவ்வொரு தடவையும் சரியில்லைன்னு புதுசா ஒன்னு. திறந்து காட்டினதும் "அப்ப முதல்ல போட்டதையே மாத்தியிருக்கலாமா அண்ணே"ன்னான். இப்ப அவன்தான் என்னை விட வேகம், மெனுவுக்குள்ள தேடுறதே இல்ல, ஸ்லாஷ் கீயைத் தட்டி ஃபில்டர் பேரை அடிச்சு எடுத்துக்கிறான்.

காசு கட்டி மாசாமாசம் எடுக்க முடிஞ்சவங்க, சிஎம்வைகேல பத்திரிகை வேலை செய்றவங்க, நீங்க இருக்கிற இடத்துலயே இருங்க. என்னை மாதிரி ஒரு லெப்டொப், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், வாசல்ல எப்பவும் ரெண்டு பேர்னு இருக்கிறவங்க 3.0 போடலாம். 16 ஜிபி ரேம் இருந்தா நிம்மதி, நான் அடுத்த சீட்டு விழுந்ததும் அதைத்தான் வாங்கப் போறேன். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினா டவுன்ல கூட்டம் ஏறிரும், அதுக்கு முன்ன போட்டுப் பழகிக்கிறது நல்லது, கூட்டத்துக்கு நடுவுல புது வெர்ஷன் போடுற வேலையை மட்டும் வச்சுக்காதீங்க.

பெரியம்மா படத்தோட எக்ஸ்சிஎஃப் இன்னும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. போன வாரம் அவங்க மகள் வந்தாங்க, பாட்டியை மட்டும் தனியா வெட்டி எடுத்து ஒரு படம் வேணுமாம். முகத்துக்குப் போட்ட அந்தக் கர்வ்ஸ் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே கிடந்துச்சு, அதை அழிச்சிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.